ஆட்டிலிருந்தா பாப்பாவுக்கு நாடாப்புழு வந்தது?

கேட்ட தம்பி ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம்: வீட்டில் பதினோரு ஆடு, ஒரு நாய். ஆட்டுப் புழுக்கையில் வெள்ளை வெள்ளையாக அரிசி மாதிரி ஏதோ வருகிறது. நாயின் வாலடி மயிரிலும் அதே மாதிரி ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. போன மாதம் ஆறு வயது அக்கா மகளுக்கு மலத்தோடு பட்டையாக ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. பரிசோதனைச் சீட்டில் ‘டீனியா முட்டை உள்ளது’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆட்டிலிருந்துதான் வந்தது, எல்லாவற்றையும் சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்கு ஓட்டு என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். மரபணுச் சோதனை செய்தால் எதிலிருந்து யாருக்கு வந்தது என்று தெரியுமா?

தம்பி, இந்தச் சனிக்கிழமை ஆடுகளை வண்டியில் ஏற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் மூன்று விதமான நாடாப்புழு இருக்கிறது. மூன்றும் மூன்று வழியாக வந்தவை. மூன்றுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிட்டோம், அதனால்தான் பழி ஆட்டின் மேல் விழுந்திருக்கிறது.

ஆட்டுப் புழுக்கையில் வருவது பெரும்பாலும் மோனீசியா. குட்டிகளிடம்தான் அதிகம். மழைக்குப் பிறகு புல்லின் அடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் இருக்கும். மேயும்போது அதைப் புல்லோடு சேர்த்து விழுங்கினால் ஆட்டுக்குள் இந்தப் புழு வளரும். துண்டுகள் நீளத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கும். முட்டை மூன்று மூலையாகவோ நான்கு மூலையாகவோ இருக்கும், மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் யாருக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இதற்கு மரபணுச் சோதனை வீண் செலவு. மனிதருக்கு வருவதும் இல்லை என்றே சொல்லலாம்.

நாயின் மயிரில் ஒட்டியிருப்பது டிப்பிலிடியம் என்று ஊகிக்கிறேன். ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதை மாதிரி, காய்ந்தால் அரிசி மாதிரி. இதைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி. உண்ணி என்று நினைத்து உண்ணி மருந்து மட்டும் அடித்துவிட்டு வருபவர்கள் உண்டு, அதில் பலன் கிடைக்காது. நாயோடு உருண்டு விளையாடும் குழந்தை தெரியாமல் ஒரு தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் வரும். ஆனால் இதன் முட்டைகள் ஒரு பைக்குள் கொத்தாக இருக்கும். உங்கள் சீட்டில் டீனியா என்று எழுதியிருப்பதால் பாப்பாவுக்கு இருப்பது இதுவும் இல்லை.

அப்புறம் பாப்பா. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

‘டீனியா முட்டை’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டதற்கு லேப்காரரைக் குறை சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பில் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வட்டமாக, பழுப்பாக, தடித்த ஓட்டில் சக்கரத்தின் ஆரக்கால்போல் கோடு கோடாக, உள்ளே ஆறு கொக்கிகளோடு ஒரு கரு. ஒரு மில்லிமீட்டரை முப்பது பங்கு போட்டால் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மாட்டுக்கறியிலிருந்து வரும் டீனியா சாஜினாட்டா, பன்றிக்கறியிலிருந்து வரும் டீனியா சோலியம், பன்றி ஈரலிலிருந்து வரும் டீனியா ஏசியாட்டிகா, மூன்றின் முட்டையும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். முப்பது வருஷ அனுபவம் உள்ளவராலும் பிரிக்க முடியாது. மனிதக் குடலில் முழுப் புழுவாக வாழும் டீனியாக்கள் இந்த மூன்றுதான். எதுவுமே ஆட்டுக்கறியால் வருவதில்லை. உங்கள் மாமாவிடம் இதை மட்டும் படித்துக் காட்டினால் போதும்.

எந்த டீனியாவாக இருந்தால் என்ன, மாத்திரை ஒன்றுதானே என்று கேட்கலாம். சாஜினாட்டா என்றால் கிட்டத்தட்ட அப்படித்தான். பன்னிரண்டு மீட்டர் வரைகூட வளரும், பார்க்கவே குமட்டும், ஆனால் குடலைத் தாண்டி எங்கும் போகாது. அதன் முட்டைக்கு மாடுதான் வேண்டும். சோலியம் அப்படி இல்லை. அதன் முட்டையை மனிதரே விழுங்கினால் பன்றிக்குள் செய்யும் வேலையை நமக்குள்ளும் செய்யும். முட்டை உடைந்து, கரு ரத்தத்தில் ஏறி, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ போய்க் கட்டியாக உட்காரும். அந்தக் கட்டியை நம் சேலத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். பாயசத்தில் ஜவ்வரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் கண்ணாடி மாதிரி, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. பன்றித் தசையில் இந்தக் கட்டியைப் பிதுக்கி எடுத்தால் அதேதான், கொஞ்சம் பெரிசு. அந்த வெள்ளைப் பொட்டு உள்ளே மடங்கிக் கிடக்கும் புழுவின் தலை.

அது மூளையில் இருந்தால் வலிப்பு. வேலூர் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து வலிப்பு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. அவர்களில் பன்றிக்கறியைத் தொடாதவர்களும் இருப்பார்கள், ஏனென்றால் முட்டை வருவது பன்றியிடமிருந்து இல்லை. குடலில் புழு இருக்கும் மனிதரிடமிருந்து வருகிறது. சமையல் செய்யும் கை, கழுவாத கீரை, அவ்வளவு போதும். ‘நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி’ என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் இது.

ஆக, பாப்பாவின் புழு எந்த இனம் என்று தெரிந்தே ஆகவேண்டும். சோலியம் என்றால் வீட்டில் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், பாப்பாவே தன் முட்டையைத் தானே விழுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரபணுவுக்கு முன்னால் பழைய முறை ஒன்று உண்டு. எனக்கு அதில் இன்னும் ஆசை விடவில்லை. முட்டை நிறைந்த ஒரு துண்டை எடுத்து, ஓரத்தில் இருக்கும் துளை வழியாக மெல்லிய ஊசியால் இந்தியன் இங்க் ஏற்றுவோம். கருப்பையின் நடுத்தண்டில் மை ஓடி, இரண்டு பக்கமும் கிளை கிளையாகப் பிரியும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து அழுத்தி வெளிச்சத்தில் பிடித்தால் இலை உதிர்ந்த மரத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு பக்கக் கிளைகளை எண்ண வேண்டும். ஏழிலிருந்து பதின்மூன்று வரை என்றால் சோலியம், பன்னிரண்டிலிருந்து முப்பது வரை என்றால் சாஜினாட்டா. பன்னிரண்டும் பதின்மூன்றும் இரண்டிலும் வருவதைக் கவனித்தீர்களா? ஒரு முறை நானும் என் உதவியாளரும் ஒரே துண்டை எண்ணினோம். எனக்குப் பதின்மூன்று, அவருக்குப் பதினைந்து. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணியதில் எனக்குப் பதினான்கு. தலை கிடைத்தால் சண்டையே இல்லை, சோலியத்துக்குத் தலையில் கொக்கி வளையம் உண்டு, சாஜினாட்டாவுக்குக் கிடையாது. ஆனால் மருந்து கொடுத்த பிறகு தலை பெரும்பாலும் கரைந்துவிடும். கிடைப்பது வாலும் துண்டும்தான்.

அந்த இடத்தில்தான் டிஎன்ஏ வேண்டியிருக்கிறது. கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்தார்களே, அதே பிசிஆர்தான், டிஎன்ஏவில் வேண்டிய ஒரு துண்டை மட்டும் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை. புழுவின் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்தி தரும் உறுப்புகள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றிலும் தனி டிஎன்ஏ. அதனால் சின்னத் துண்டிலிருந்தும், சில முட்டைகளிலிருந்தும்கூட வேலைக்குப் போதுமான அளவு கிடைத்துவிடும். அதில் காக்ஸ்1 என்று ஒரு மரபணு. எல்லா நாடாப்புழுவிலும் உண்டு, ஆனால் அதன் டிஎன்ஏ எழுத்துகள் இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். 2004இல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு இனத்திலும் வேறு வேறு இடத்தில் போய் ஒட்டி, பெருக்குவதை அங்கிருந்து ஆரம்பித்துவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை ஒரே குழாயில் போட்டார்கள். சாஜினாட்டா என்றால் 827 எழுத்து நீளமுள்ள துண்டு பெருகும். ஏசியாட்டிகா என்றால் 269. சோலியத்தில் ஆசிய வகை 984, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க வகை 720. பெருகியதை ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் வைத்து மின்சாரம் விட்டால் சின்னத் துண்டு வேகமாக முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். எந்தக் கோட்டில் ஒளிர்கிறது என்று பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். எழுத்து எழுத்தாகப் படிப்பதற்குக்கூட அவசியம் இல்லை.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, நடப்பது வேறு. டீனியா முட்டையின் ஓடு லேசில் உடையாது. உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து, மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைக்க வேண்டும். மலத்தில் இருக்கும் பித்த உப்பு போன்றவை பிசிஆரைத் தடுக்கும், புழு இருந்தும் ‘இல்லை’ என்று வரும். அதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. புதிதாகச் சேர்ந்த காலத்தில் தப்பு நடந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று நான் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த குழாயில் அழகாக ஒரு கோடு ஒளிர்ந்தது. முந்தின நாள் பெருக்கிய டிஎன்ஏ, சொட்டு அளந்து எடுக்கும் என் பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போயின. தண்ணீர்க் குழாயின் முடிவைக் காட்டாமல் ஒரு லேப் பிசிஆர் அறிக்கை கொடுத்தால் நான் நம்பமாட்டேன்.

அதைவிட எனக்கு எரிச்சல் தருவது ஃபார்மலின். ஒரு மருத்துவமனையிலிருந்து இரண்டடி நீளப் புழுவை அருமையாகக் கழுவி, கண்ணாடி ஜாடியில் ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். கண்காட்சியில் வைக்கலாம், அவ்வளவு அழகு. மூன்று தடவை முயன்றேன், ஒரு கோடும் வரவில்லை. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு சேர்த்துப் பிணைத்து, துண்டு துண்டாகவும் ஆக்கிவிடும். நோயாளியோ மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார், வேறு துண்டு கிடையாது. அந்த ஜாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது, பெயர் தெரியாத புழுவாக.

இனி நீங்கள் கேட்ட ‘எதிலிருந்து யாருக்கு’. மரபணு இனத்தைச் சொல்லும், இனம் தெரிந்தால் வழி தெரியும்: மாடா, பன்றியா, தெள்ளா. ஆனால் எந்தக் கடைக் கறி, எந்த ஆள் என்று இந்தச் சோதனை சொல்லாது. சோலியத்தில் ஆசிய வகையா ஆப்பிரிக்க வகையா என்று கண்டம் வரைக்கும் சொல்லும். இந்தியாவில் இருப்பது ஆசிய வகை, ஆகவே நாகலூர்ப் புழுவும் அயோத்தியாபட்டணத்துப் புழுவும் ஜெல்லில் ஒரே கோட்டில்தான் நிற்கும். அதோடு துண்டு விழ ஆரம்பிப்பதற்கு, கறி சாப்பிட்ட நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம் ஆகும். போன வாரம் என்ன சாப்பிட்டாள் என்று பாப்பாவைக் குடைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால் எந்த விசேஷத்துக்குப் போனீர்கள், எங்கே வெளியில் சாப்பிட்டீர்கள் என்று பெரியவர்கள் யோசித்துப் பாருங்கள்.

பெயரே குழம்பும் இடமும் இருக்கிறது. சாஜினாட்டாவும் ஏசியாட்டிகாவும் கலந்து பிறந்த புழுக்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவைக் கேட்டால் ஒரு பெயர் சொல்லும், செல்லின் உட்கருவைக் கேட்டால் இன்னொன்று. ரேஷன் கார்டு ஓர் ஊரில், ஓட்டு வேறு ஊரில் என்கிற கதை. காக்ஸ்1 ஒன்றை மட்டும் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் பாப்பாவின் வைத்தியத்துக்கு அது தேவையில்லை. சோலியமா, சோலியம் இல்லையா என்பது தெரிந்தால் போதும்.

நாயை இத்தோடு விட்டுவிட மனம் வரவில்லை, ஏனென்றால் ஆடு, நாய், மனிதர் மூவரையும் நிஜமாகவே இணைக்கும் ஒரு நாடாப்புழு இருக்கிறது: எக்கினோகாக்கஸ். நாயின் குடலில் பெரும்பாலும் ஏழு மில்லிமீட்டரைத் தாண்டாது, மூன்று நான்கு கண்ணிதான், மலத்தில் நம் கண்ணுக்குப் படவே படாது. முட்டையோ மேலே சொன்ன டீனியா முட்டை மாதிரியேதான். நாய் மலத்தில் அந்த மாதிரி முட்டை தெரிந்தால் சாதாரண நாய் டீனியாவா, ஆபத்தான எக்கினோகாக்கஸா என்று பிரிப்பதற்கும் டிஎன்ஏதான் வழி. இந்த முட்டை ஆட்டுக்கோ மாட்டுக்கோ மனிதருக்கோ போனால் ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர்க் கட்டி வளரும். கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், நுரையீரலை அறுத்தால் உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளைச் சவ்வு, தெளிந்த தண்ணீர். அந்த நுரையீரலைச் சாப்பிட்டால் நமக்கு வராது. ஆனால் கடைக்காரர் அதைத் தூக்கிப் பக்கத்தில் நிற்கும் நாய்க்குப் போடுகிறார் பாருங்கள், அங்கேதான் சுற்று முழுமையாகிறது. வீட்டில் கிடா வெட்டும்போது நீங்களும் அதைச் செய்யாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் எரியுங்கள்.

இந்த எக்கினோகாக்கஸை 1992இலிருந்து மரபணு பார்த்து ஜி1, ஜி2 என்று எண் போட ஆரம்பித்தார்கள், ஜி10 வரை போயிற்று. ஆட்டு வகை, எருமை வகை, மாட்டு வகை, ஒட்டக வகை என்று பெயர்கள். பிறகு கூடுதல் எழுத்துகளைப் படித்தபோது சில எண்கள் தனி வகையே இல்லை என்று தெரிந்து, இப்போது பல எண்களைச் சேர்த்துச் சில இனங்களாக்கிவிட்டார்கள். இந்தியாவில் அதிகம் கிடைப்பது ஜி3, எருமை வகை என்று பெயர். பெயர்தான் எருமை, ஆட்டிலும் மனிதரிலும் அதுவே வரும்.

மரபணு இன்னொரு பழைய தகராறையும் தீர்த்திருக்கிறது. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுகிற ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். அது மூளையில் நீர்ப்பை இருப்பதால் இருக்கலாம், அனுப்பியது நாயின் டீனியா மல்டிசெப்ஸ். வெள்ளாட்டில் அதே மாதிரிப் பை தொடையிலும் தோலடியிலும் வரும். அதை வேறு புழு என்று எண்ணித் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். டிஎன்ஏவைப் படித்தால் இரண்டும் ஒன்றுதான், இடம் மட்டும் வேறு.

உங்கள் மாமா ஆட்டைக் குற்றம் சொல்வதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மனித டீனியாக்களின் உறவுமுறையை 2001இல் ஆராய்ந்தவர்கள் கண்டது, இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்கச் சிங்கம், கழுதைப்புலி போன்றவற்றின் புழுக்கள். மாட்டையும் பன்றியையும் நாம் வளர்க்கத் தொடங்குவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே, வேட்டைக் கறி தின்ற நம் முன்னோருக்கு இவை வந்துவிட்டன. மாட்டிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் நாம் வாங்கவில்லை, நாம்தான் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆடுகளுக்கும் நாய்க்கும் கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லிப் பூச்சி மருந்து வாங்குங்கள். நாய்க்குத் தெள்ளு மருந்தும் சேர்த்து. பாப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால், அவளுக்கு எப்போதாவது வலிப்போ விடாத தலைவலியோ வந்ததுண்டா என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மூளையில் கட்டி இருந்தால் சில புழு மாத்திரைகள் அதைக் கிளறிவிடும். எந்த மாத்திரை என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

துண்டு மறுபடி வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை மாட்டி, தண்ணீரில் அலசி, சின்ன பாட்டிலில் போட்டு, துண்டைப்போல் பத்து மடங்கு ஆல்கஹால் ஊற்றுங்கள். எழுபது சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், லேபில் கேட்டால் தருவார்கள். ஆல்கஹால் டிஎன்ஏவைக் காப்பாற்றும், ஆனால் முட்டையைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். அலசிய தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுக் கக்கூஸில் ஊற்றுங்கள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒட்டுண்ணியியல் துறைக்கு முதலில் போன் போட்டு, மனித மாதிரியை எடுத்துக்கொள்வார்களா, இல்லை மருத்துவக் கல்லூரி வழியாக வரவேண்டுமா என்று கேட்டுவிட்டு மலை இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் பாட்டில் குலுங்கும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பெயர், வயது, தேதியை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனாவில் எழுதினால் ஆல்கஹாலில் மை கரைந்து, வந்து சேரும்போது வெள்ளைக் காகிதம்தான் இருக்கும்.